பதினோராம் சீட்டு

டீச்சர்தானே நீங்க? கோச்சுக்காதீங்க. ஒட்டுக் கேக்கல. பக்கத்து சீட்டு, அதான் போன்ல நீங்க பேசினது காதுல விழுந்துருச்சு. வியாழக்கிழமை ஏழுகடல் பார்க்குக்கு டூர்னு சொன்னீங்க. அம்பத்திரண்டு பிள்ளைங்க, ஒரு நாள் தங்கல் அவங்க ஹோட்டல்லயேன்னும் சொன்னீங்க.

போகாதீங்க டீச்சர்.

இருங்க, மொதல்லேருந்து சொல்றேன். எடுத்ததுமே போகாதீங்கன்னா பைத்தியம்னுதான் நினைப்பீங்க. கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. மெதுவாத்தான் பேசுவேன், கொஞ்சம் சாஞ்சு கேளுங்க. வத்தலக்குண்டு ரோட்டுல பாதிப் பேர் இந்தப் பார்க்குல வேலை, மீதிப் பேர் அந்தப் பார்க்குல. யார் காதுல எது விழும்னு தெரியாது. எட்டு நாளா எனக்குச் சோறு இறங்கல.

என் பேரு பிலோமினா. எதிர்ப் பார்க்கு பொன்னலைல எட்டு வருஷம் வேலை. மொதல் ஆறு வருஷம் கருடன்ங்கிற ராட்டினத்துல ஆள் ஏத்தி இறக்குற வேலை. அங்க ஒரு விபத்து நடந்துச்சு. சீட்டுப் பூட்டு நான் சரியாத்தான் போட்டேன், அது வேற விஷயம். அப்புறம் ஹோட்டலுக்கு மாத்திட்டாங்க, ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசரா. அறுபது ரூம். எனக்குக் கீழ பதினாலு பொண்ணுங்க.

நாங்கதான் டீச்சர் மொதல்ல வந்தது. கடலே இல்லாத ஊர்ல பொன்னலைன்னு பேர் வச்சு, நல்லா ஓடிக்கிட்டிருந்துச்சு. நாலு வருஷம் முந்தி ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவங்க வந்தாங்க. நாங்க ஒரு அலைன்னா அவங்க ஏழு கடல். அன்னையிலேருந்து சண்டைதான். ரூம் எடுத்தா பார்க்கு டிக்கெட் பாதின்னு நாங்க போர்டு வச்சோம், அவங்க முழுசா இலவசம்னு வச்சாங்க. நாங்க காலை டிபன் சேத்தோம், அவங்க டிபனோட சாயங்காலம் பஜ்ஜியும் டீயும். அவங்க வாசல்ல யானை பொம்மை தண்ணி பீய்ச்சுச்சு, எங்க ஜி.எம். பத்ரி சார் டைனோசர் வச்சார். ஒரே மழைல அது தலை சாஞ்சுருச்சு. சிரிக்காதீங்க, அதுக்கு ஆறு பேர் மெமோ வாங்கினாங்க.

யாவாரம் எப்படின்னு ஆபீஸ்ல போய்க் கேக்க வேண்டாம். துவைக்கப் போற துண்டை எண்ணினா போதும். லீவு நாள்ல முந்நூறு துண்டு போகும். இந்த அரையாண்டு லீவுல அம்பதைத் தாண்டல. பொண்ணுங்க தூசி இல்லாத ரூமையே திரும்பத் திரும்பத் துடைச்சுக்கிட்டு இருந்தாங்க, சும்மா உக்காந்தா வேலைய விட்டு நிறுத்திருவாங்கன்னு பயந்து.

அப்பத்தான் பத்ரி சார் கூப்பிட்டார். உள்ள போனா பர்சேஸ் பாக்குற சௌந்தரபாண்டி சாரும் இருக்கார்.

"பிலோமினா, நீங்க ரெண்டு பேரும் ஏழுகடல்ல ஒரு நாள் ரூம் போட்டுத் தங்கிட்டு வரணும். புருஷன் பொண்டாட்டியா"ன்னார் பத்ரி சார்.

"நான் எதுக்கு சார்?"ன்னேன்.

"ரூமைப் பாத்தா உனக்குத்தான் விஷயம் தெரியும். மெத்தை என்ன, சோப்பு என்ன, துண்டு எத்தனை, எல்லாம் பாரு. இன்னொன்னு மட்டும் மறந்துராத. டிராகன்னு புதுசா ஒரு பெரிய ராட்டினம் வச்சிருக்காங்க. அது ஓடுதா, கூட்டம் ஏறுதா, நல்லாக் கவனிச்சுட்டு வா."

சௌந்தரபாண்டி சார் அந்த நேரத்துல தரையைப் பாத்தார். கூச்சப்படுறார்னு நினைச்சேன்.

முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. அம்பது துண்டு போற ஹோட்டல்ல யாரு டீச்சர் முடியாதுன்னு சொல்லுவா? எங்க வீட்டுக்காரர் அந்தோணி டைல்ஸ் ஒட்டுறவர். அவர்கிட்ட மதுரைல கம்பெனி ட்ரெயினிங்னு சொல்லிட்டுக் கிளம்பினேன்.

நாங்க ஆர்.சி. எங்க தாலில சிலுவை இருக்கும். கழட்ட மனசு வரல. ஜாக்கெட்டுக்குள்ள விட்டு ஊக்கு குத்திக்கிட்டேன். நெத்தில பொட்டு, தலையில பூ. ரிசப்ஷன்ல அந்தப் பொண்ணு ரெஜிஸ்டரை என் பக்கம் திருப்பி, "மேடம் நீங்களும் ஒரு கையெழுத்து"ங்குது. திருமதி சௌந்தரபாண்டின்னு எழுதினேன். என் கையாலயே எழுதினேன். ஊக்கு குத்தின இடம் சுருக்குன்னுச்சு.

ரூமுக்குப் போற வழில எங்ககிட்ட இருந்து அங்க போன பொண்ணு ஒருத்தி ட்ராலி தள்ளிக்கிட்டு வர்றா. நான் சுவத்துப் பக்கம் திரும்பி, மாட்டியிருந்த படத்தைப் பாக்குற மாதிரி நின்னுட்டேன். என்ன படம்னு கேட்டா சொல்லத் தெரியாது, கண்ணை மூடிக்கிட்டுத்தான் நின்னேன். அவ மேல ஃபினாயில் வாசம். எங்க ஃபினாயிலை விட நல்ல வாசம்.

ஒரே ரூம். அதைச் சொல்லிடணும். அவர் சோபாவுல படுத்தார், நான் கட்டில்ல உக்காந்தே இருந்தேன், லைட்டை அணைக்க விடல. அவரும் கௌரவமான ஆளு, தப்பா ஒரு பார்வை பாக்கல. இதை யார் கேட்டாலும் சொல்லுவேன். ஆனா யாரும் கேக்க மாட்டாங்க, அதானே பயம்.

மறுநாள் சனிக்கிழமை. காலைல பார்க்குக்குள்ள போனோம். டிராகன் இருக்கிற பக்கம் போகப் போக எனக்கு ஏதோ தெரிஞ்ச இடம் மாதிரி இருந்துச்சு. ஏன்னு புரியல. பெரிய இரும்புக் கை, நுனியில இருபது சீட்டு, ஊஞ்சல் மாதிரி இந்தப் பக்கம் பனைமர உயரம், அந்தப் பக்கம் பனைமர உயரம் போகும். சிவப்புப் பெயிண்ட், பல்லு, நாக்கு எல்லாம் வச்சிருந்தாங்க. ஆனா அந்தக் கை மேல ஏறும்போது ஒரு முனகல் சத்தம் வந்துச்சு. ஆறு வருஷம் தினமும் கேட்ட சத்தம். பெத்த பிள்ளை அழுகுற சத்தம் மாதிரி அது, எங்க கேட்டாலும் தெரியும்.

கம்பிவேலி ஓரமா நெருங்கிப் போனேன். சீட்டுல உக்காந்ததும் மடி மேல ஒரு இரும்புக் கம்பி இறங்கும் பாருங்க, அதுக்கு உள்பக்கம் வேலைக்குச் சேந்த புதுசுல நான் ஒவ்வொண்ணுலயும் சின்னதா ஒரு சிலுவை கீறி வச்சேன், ஊக்கால. ஏறுற சனம் நல்லபடியா இறங்கணும்னு. சிவப்புப் பெயிண்டுக்குள்ள அந்தச் சிலுவை பள்ளமாத் தெரியுது. டிராகன் இல்ல டீச்சர். கருடன். எங்க கருடன்.

விபத்தைச் சொல்லிடறேன். ரெண்டு வருஷம் முந்தி, கிறிஸ்துமஸ் லீவு. தேன்மொழின்னு நிலக்கோட்டைப் பொண்ணு, நர்சிங் படிச்சுது, பதினோராம் சீட்டு. ஆடிக்கிட்டிருக்கும்போது அந்த மடிக்கம்பி மேல தூக்கிருச்சு. பொண்ணு கைப்பிடியில தொங்கி, கை விட்டு, வேலி மேல விழுந்துச்சு. உசுரு போகல. இடுப்பு எலும்பு போச்சு. இப்பவும் கம்பு ஊன்றித்தான் நடக்குதாம். கம்பெனி, பொண்ணு ஈரப் படியில வழுக்கி விழுந்துச்சுன்னு எழுதிச்சு. பக்கத்துல நின்ன சாட்சி நான்தான். கையெழுத்து போட்டேன். மறு வாரமே ஹோட்டல்ல சூப்பர்வைசர் வேலை குடுத்தாங்க. என் உழைப்பைப் பாத்துத்தான் குடுத்தாங்க. ராட்டினத்தை உடைச்சு இரும்புக்குப் போட்டாச்சுன்னும் சொன்னாங்க.

பூட்டு நான் போட்டேன். கம்பி இறங்கினா ரெண்டு சத்தம் கேக்கணும். டக், டக். ரெண்டும் கேட்டுச்சுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்.

சௌந்தரபாண்டி சார் கையைப் பிடிச்சு இழுத்தேன். "சார், இது நம்ம கருடன்!"

"சத்தம் போடாத. தெரியும்"ன்னார்.

"தெரியுமா?"

"சேலத்துல ஒரு புரோக்கர்கிட்ட வித்தோம். அவன் பெயிண்ட் அடிச்சுப் புதுசுன்னு இவங்களுக்குக் குடுத்தான். பேப்பர் எல்லாம் நான்தான் பாத்தேன்."

"பதினொன்னுல பூட்டு நிக்காது சார். பிள்ளைங்க ஏறுதுங்க."

அவர் கையில எலுமிச்சை ஜூஸ் டம்ளர் இருந்துச்சு. "பிலோமினா, எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு. என்னை என்ன பண்ணச் சொல்ற? ஜி.எம். கேட்டது ஒண்ணுதான். ஓடுதா, கூட்டம் ஏறுதா. ஒரு நாள் அதுவே ஒரு வேலையைக் காட்டும். அப்புறம் இந்த ரோட்டுல ஒரு பார்க்குதான் இருக்கும். வா, போயிரலாம்."

அப்பத்தான் எனக்கு விளங்குச்சு, எதைப் பாக்க என்னை அனுப்பினாங்கன்னு. மெத்தையும் சோப்பும் சும்மா.

வரிசைல ஒரு ஸ்கூல் பிள்ளைங்க. பச்சைப் பாவாடை, வெள்ளைச் சட்டை. ஆறாவது படிக்கும். கேட்டைத் திறந்து விட்டதும் ஓடி ஓடி ஏறுதுங்க. ரெட்டைச் சடை போட்ட ஒல்லிப் பொண்ணு ஒண்ணு பதினொன்னைப் பாத்து ஓடுது. ஒரு செருப்பு கழண்டு விழுந்து, அதை எடுக்கக் குனிஞ்சுது.

கத்தியிருக்கணும். கத்தினா நான் யாருன்னு தெரிஞ்சிரும். ரெஜிஸ்டர், பொட்டு, அந்தோணி, எல்லாம் ஒண்ணா மண்டைக்குள்ள வருது. வாய் திறக்கல டீச்சர். கால் ஓடுச்சு. அந்தப் பிள்ளை நிமிர்றதுக்குள்ள நான் போய் பதினொன்னுல உக்காந்துட்டேன்.

"ஆன்ட்டி, அது என் சீட்டு"ங்குது.

"வேற சீட்டுல உக்காரு கண்ணு"ன்னேன். மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நாலாம் நம்பருக்குப் போச்சு.

பூட்டுப் போடுற பையன் வந்தான். இருபது வயசுகூட இருக்காது, வேக வேகமா வர்றான். நான் அந்த வேலைல இருந்தப்ப எப்படி ஓடுவேனோ அதே ஓட்டம். கம்பியை இழுத்து விட்டான். டக். ஒரு சத்தம்தான். அவனுக்கும் கேட்டிருக்கும், நின்னு பாப்பான்னு நினைச்சேன். அவன் அடுத்த சீட்டுக்குப் போயிட்டான். "தம்பி, தம்பி"ங்கிறேன், ஸ்பீக்கர்ல பாட்டு. மணி அடிச்சுட்டாங்க.

கை மேல ஏறுது. அந்த முனகல் இப்ப என் முதுகுக்குள்ளேயே கேக்குது. மொத ஆட்டத்துல ஒண்ணும் ஆகல. ரெண்டாவது ஆட்டத்துல கம்பி ஒரு விரக்கடை தூக்குச்சு. மூணாவதுல மடிக்கும் கம்பிக்கும் நடுவுல என் கை நுழையுற அளவுக்கு இடம். நான் கால் ரெண்டையும் முன்சீட்டுக் குழாய்க்குக் கீழ கொக்கி மாதிரி மாட்டிக்கிட்டேன். வலது கையைப் பக்கத்துக் கைப்பிடிக்குள்ள முழங்கை வரைக்கும் விட்டு மடக்கிக்கிட்டேன். உச்சியில ஒரு நொடி நிக்கும் பாருங்க, அங்க உடம்பு சீட்டை விட்டுக் கிளம்புது. கீழ வேலி தெரியுது. ஜெபம் சொல்லணும்னு பாக்குறேன், அருள் நிறைந்த மரியேக்கு மேல ஒரு வார்த்தை வரல. சுத்தி இருக்கிற பிள்ளைங்க சந்தோஷத்துல கத்துதுங்க. நானும் சேந்து கத்துறேன்னு கீழ நிக்கிறவங்களுக்குத் தோணியிருக்கும்.

அங்க வச்சுத்தான் டீச்சர் உண்மை ஞாபகம் வந்துச்சு.

அன்னைக்கும் ஒரு சத்தம்தான் கேட்டுச்சு. தேன்மொழி உக்காந்தப்ப. டக். நான் காத்திருந்தேன், ரெண்டாவது வரல. திரும்ப ஒரு தடவை இழுத்துப் போட்டா வந்திருக்கும். ஏழுகடல் வந்ததுலேருந்து நாலு நிமிஷத்துக்கு ஒரு ரவுண்டு முடியணும்னு பத்ரி சார் ஆர்டர், வரிசைல சனம் சலிச்சுக்கிட்டு எதிர்ப்பக்கம் போயிருமாம். மேஸ்திரி விசில் அடிச்சுக்கிட்டே இருந்தார். நான் அடுத்த சீட்டுக்குப் போயிட்டேன். அந்தப் பையன் போன மாதிரியே போனேன். அந்தப் பொண்ணு என்னைப் பாத்து, "அக்கா, இது இவ்வளவு லூசா இருக்குமா?"ன்னு கேட்டுச்சு. "இருக்கும்மா"ன்னேன்.

ரெண்டு வருஷம் ரெண்டு சத்தம், ரெண்டு சத்தம்னு சொல்லிச் சொல்லி எனக்கே கேட்ட மாதிரி ஆயிருச்சு. சர்ச்சுல பாவத்தையெல்லாம் சொல்ற பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்டகூட சொல்லல. உங்ககிட்ட ஏன் சொல்றேன்னு தெரியல.

எத்தனை ஆட்டம் ஆடுச்சுன்னு எண்ணல. நின்னதும் எனக்கு எந்திரிக்க முடியல. முழங்கை கறுத்துப் போச்சு, பாருங்க, இன்னும் வீக்கம் வத்தல. கம்பியை யாரும் திறக்காமலே ஒரு விரலால தூக்கிக் காட்டினேன் அந்தப் பையன்கிட்ட. அவன் முகம் வெளுத்துப் போச்சு. அடுத்த கூட்டம் கேட்டுல முட்டுது. "விடாத"ன்னு அப்பத்தான் கத்தினேன். "நான் பொன்னலை ஆளு. இந்த வண்டில ஆறு வருஷம் பூட்டுப் போட்டவ. விடாத!" பொட்டு அழிஞ்சு, தாலி வெளியே வந்து சிலுவை தொங்குது. சௌந்தரபாண்டி சாரைத் தேடினேன். அந்த இடத்துல ஜூஸ் டம்ளர் மட்டும் கிடந்துச்சு.

அவங்க மேனேஜர் வாசுகி மேடம். ரூம்ல உக்கார வச்சு, தண்ணி குடுத்து, முழுசா கேட்டாங்க. நல்ல மாதிரிதான் தெரிஞ்சாங்க. உடனே ராட்டினத்தை நிறுத்தச் சொல்லி, பராமரிப்புன்னு போர்டு மாட்டச் சொன்னாங்க. எனக்கு அழுகை வந்துருச்சு. அப்புறம் என் எதிர்லயே பத்ரி சாருக்குப் போன் போட்டாங்க. நாலு வருஷத்துல ரெண்டு பேரும் ஒரு தடவை பேசினது கிடையாது. மொதல்ல கத்தினாங்க. "கேஸ் போட்டு உங்களை நாறடிச்சிருவேன்"ன்னாங்க. அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, குரல் இறங்குச்சு. அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டாங்க. அப்புறம், "ஆமா சார், ரெண்டு பேருக்கும்தான் நஷ்டம்"ன்னாங்க. கடைசியில, "சரிங்க சார்"னு சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்கு ராட்டினத்துல இருந்ததை விடப் பயமாப் போச்சு.

போனை வச்சுட்டு என்கிட்ட வந்தாங்க. "பிலோமினா, எங்க ஹோட்டல்ல உங்களுக்கு வேலை போட்டுத் தர்றேன். நடந்ததை இத்தோட விட்டுருங்க. இல்லேன்னா..."ன்னு ரெஜிஸ்டரை எடுத்து வச்சு, ஒரு விரலை என் கையெழுத்து மேல வச்சாங்க. "கேமராவும் இருக்கு. ஒரே ரூம். உங்க வீட்டுக்காரர் பேரு அந்தோணின்னு பத்ரி சார் சொன்னார்."

வேலை வேண்டாம்னு சொல்ற தைரியம்கூட வரல. யோசிச்சுச் சொல்றேன்னு வந்துட்டேன். வீட்டுக்கு வந்தா மத்தியானம், அவர் சாப்பிட்டுக்கிட்டிருந்தார். அவங்க வாயால கேக்குறதுக்கு என் வாயால கேக்கட்டும்னு சொல்லிட்டேன். எல்லாத்தையும் சொன்னேன். தேன்மொழி, ஒரு சத்தம், ராட்டினம், எல்லாம். அவர் ஒண்ணுதான் கேட்டார்.

"ஒரே ரூமா?"

"ஒரே ரூம்."

சோத்துலயே கையைக் கழுவிட்டு எந்திரிச்சுப் போயிட்டார். எட்டு நாளா என்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது. திட்டினாக்கூடப் பரவாயில்ல டீச்சர். அடிக்கிற ஆளும் இல்ல. சுவர் மாதிரி இருந்தார்.

வேலைக்கு நான் எங்கயும் போகல. முந்தாநாள் ரோட்டுல புது போர்டு பாத்தேன். ரெண்டு பார்க்கு பேரும் பக்கத்துல பக்கத்துல. ஒரே டிக்கெட், ரெண்டு பார்க்கு, எந்த ஹோட்டல்ல வேணாலும் தங்கலாம்னு. உங்க ஸ்கூலுக்கு வந்த ஆஃபர் அதுதான். டிராகனும் நேத்துலேருந்து ஓடுதாம். அன்னைக்கு என் நம்பர் வாங்கி வச்சிருந்த அந்தப் பூட்டுப் போடுற பையன்தான் போன்ல சொன்னான். பூட்டை மாத்தல, பதினொன்னுக்கு ஒரு பெல்ட்டு தச்சு விட்டிருக்காங்களாம். சொல்லிட்டு அவனும் அழுதான்.

அதான் மனு எழுதிக்கிட்டுப் போறேன். திங்கக்கிழமை கலெக்டர் நேர்ல வாங்குவார். எங்க சர்ச்சுல வேலை பாக்குற கோயில்பிள்ளை ஒருத்தர் டைப் அடிச்சுக் குடுத்தார். மொத வரியே என் பேருதான். பிலோமினா ஆகிய நான் பூட்டைச் சரியாகப் போடவில்லை, பொய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அதைப் போடாம மத்ததைச் சொன்னா யார் நம்புவா? என்னையும் பிடிப்பாங்களா டீச்சர்? படிச்சவங்க நீங்க, சொல்லுங்க. இல்ல, சொல்லாதீங்க. தெரிஞ்சுக்கிட்டா நான் இறங்க மாட்டேன்.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால பாருங்க, நீலச் சட்டை, கழுத்துல சிமெண்டுக் கறை. அவர்தான் அந்தோணி. நேத்து மனுவை மேஜை மேல வச்சேன். காலைல பாத்தா அது ஒரு பிளாஸ்டிக் கவருக்குள்ள இருக்கு, மழைத்தூறல்ல நனையாம. நான் கிளம்பினேன், பின்னாடியே வந்தார். பேசல. பக்கத்துல உக்காரல. எனக்கும் சேத்து டிக்கெட் எடுத்துட்டு முன்னாடி போய் உக்காந்துட்டார். எதுக்கு வர்றார்னு கேக்க எனக்குத் தைரியம் இல்ல. துணைக்கா, இல்ல அங்க வச்சு எல்லார் முன்னாடியும் என்னைக் கைகழுவவா? ஒண்ணும் தெரியல.

ஸ்டாப் வந்துருச்சு. கால் மரத்துப் போச்சு டீச்சர், எந்திரிக்க வரல. வண்டி நகருதே. போகட்டும், அடுத்த ஸ்டாப்ல இறங்கித் திரும்பிப் போயிர்றேன். என்னால முடியாது. நீங்க மட்டும் பிள்ளைங்களை...

யாரு வண்டியைத் தட்டுறது?

அவர்தான். படியில நின்னுக்கிட்டு என்ன தட்டுத் தட்டுறார். கண்டக்டர்கிட்ட என்ன சொல்றார்னு கேட்டுச்சா உங்களுக்கு?

"விசில் குடுக்காதீங்க. என் பொண்டாட்டி இறங்கணும்"ங்கிறார்.

பையைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க டீச்சர்.